தோண்டிய இளங்கிழங்கு ஆடி வரை நிற்குமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டை ஒட்டி 3 சென்ட் இடத்தில் பிப்ரவரி இரண்டாம் வாரம் குஃப்ரி ஜோதி உருளைக்கிழங்கு நட்டோம். மே தொடக்கத்தில் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தார்கள். அவர்கள் ஆசைக்காக ஓரமாகத் தோண்டப் போய், கிழங்கு நன்றாக இருக்கவே பாதித் தோட்டத்தைத் தோண்டிவிட்டோம். 70 கிலோவுக்கு மேல் வந்தது. அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக 40 கிலோ மீதி. உரச்சாக்கில் கட்டிச் சமையலறை மூலையில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் சில கிழங்கு வதங்கிவிட்டது, இரண்டு அழுகிவிட்டது. ஆடி வரைக்குமாவது வைத்துக்கொள்ள வழி உண்டா? சாம்பல் தூவலாமா? ஃபிரிட்ஜில் வைக்கலாமா? ஓசூரில் இருக்கும் மகள் அங்கே நட விதைக்குக் கேட்கிறாள், கொடுத்தனுப்பலாமா?

பதில்:

வணக்கம் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் அந்தச் சாக்கை அவிழ்த்துக் கிழங்கைத் தரையில் கொட்டிவிடுங்கள். கொட்டும்போது உயரத்திலிருந்து உருட்டிவிடாமல், சாக்கைத் தரையோடு சாய்த்து மெல்ல இழுங்கள். இளங்கிழங்கு முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தாலே உள்ளே கன்றிப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது, பத்து நாள் கழித்து நறுக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும்.

இப்போது நல்லதாகத் தெரிகிற ஒரு கிழங்கைக் கையில் எடுங்கள். கட்டைவிரலை அழுத்தி ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். தோல் ஈரக் காகிதம் மாதிரி சுருண்டு நகர்கிறதல்லவா? உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தச் சுருண்ட தோலில்தான் இருக்கிறது.

குஃப்ரி ஜோதி நம் மலையில் முற்றுவதற்கு ஏறத்தாழ 120 நாள் வேண்டும். நீங்கள் தோண்டியது 80 நாள் சொச்சத்தில். அந்த வயதில் செடி பச்சையாக நிற்கும், இலையில் உண்டாகும் சர்க்கரை கீழே இறங்கி மாவுச்சத்தாகச் சேர்ந்துகொண்டே இருக்கும், கிழங்கும் பருத்துக்கொண்டிருக்கும். பருக்கிற கிழங்குக்குத் தோலும் கூடவே வளர வேண்டும். அதனால் தோலுக்குக் கீழே உள்ள திசு இன்னும் பிரிந்து பெருகுகிற நிலையில் மிருதுவாக இருக்கிறது. செடி பழுத்துக் காய்ந்த பிறகுதான் அந்த வளர்ச்சி நின்று, தக்கைபோல ஒரு படலம் இறுகி ஒட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் கிடக்கிற மண்டிக் கிழங்கைக் காப்பது அந்தப் படலம்தான். உங்கள் கிழங்குக்கு அது இன்னும் வரவில்லை. தண்ணீர் ஆவியாகிப் போவதைத் தடுக்க ஆளில்லை, அழுகல் கிருமி உள்ளே வருவதைத் தடுக்கவும் ஆளில்லை. போதாக்குறைக்கு, இளங்கிழங்கு முற்றிய கிழங்கைவிட வேகமாக மூச்சு விடும். அந்த மூச்சில் வருகிற வெப்பமும் ஈரமும் உரச்சாக்கில் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நீராகப் படிந்தது. மேலே இருந்தது வதங்கியதும், அடியில் இருந்தது அழுகியதும் ஒரே சாக்கில் நடந்தது அதனால்தான்.

ஆகவே, தோண்டிய 40 கிலோ ஆடி வரை நிற்காது. சரியாக வைத்தால் மூன்று, நான்கு வாரம் நன்றாக இருக்கும். இளங்கிழங்கைக் கீரையும் பச்சைப் பட்டாணியும் போல நினைக்க வேண்டும், பத்தாயத்தில் போடும் தானியம்போல நினைக்கக் கூடாது. ஆனால் ஆடிக்கு வேண்டிய கிழங்கு உங்களிடம் இருக்கிறது. தோண்டாமல் விட்ட அந்தப் பாதித் தோட்டத்தில்! அதற்குப் பிறகு வருகிறேன்.

கொட்டிய கிழங்கைப் பிரியுங்கள். கழுவ வேண்டாம், ஒட்டிய மண் தானாகக் காய்ந்து உதிரட்டும். மண்வெட்டி பட்டது, கீறியது, தோல் பாதிக்குமேல் உரிந்தது எல்லாம் ஒரு கூடையில். அவை இந்த வாரச் சமையலுக்கு. முழுத்தோலோடு இருக்கிற நடுத்தரக் கிழங்கு இன்னொரு பக்கம். கோலிக்குண்டு, எலுமிச்சை அளவுப் பொடிக்கிழங்கு வேறு பக்கம். அழுகியதையும், கண்ணிலிருந்து சளிபோல ஒழுகுவதையும் தோட்டத்துக் குப்பைக்குழியில் போடாமல், கிழங்கு நடாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

பச்சை பாய்ந்த கிழங்கு இருந்தால் அதில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். வெளிச்சம் பட்டால் கிழங்கில் பச்சையம் வரும், கூடவே சோலனின் வகை நச்சும் ஏறும். பச்சையம் தீங்கில்லை, அது ஒரு எச்சரிக்கை மட்டும். நச்சுதான் தீங்கு, வேகவைத்தாலும் அது போகாது. லேசான பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். நன்றாகப் பச்சையானதையும், வாயில் வைத்தால் கசப்பதையும் தூக்கிப் போடுங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் யோசிக்கவே வேண்டாம். உங்கள் உரச்சாக்கு வெள்ளை நிறமாக இருந்தால் அது வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல கிழங்கை எங்கே வைப்பது? நீங்கள் இருக்கிற ஊர் இந்த விஷயத்தில் வரம். புதுக்கிழங்கின் காயம் ஆறித் தோல் இறுகுவதற்கு ஏற்றது 15 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி, நல்ல காற்று ஈரம், இருட்டு. மே மாதக் கோத்தகிரியில் வடக்குப் பார்த்த அறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ இது ஏறக்குறையச் சும்மாவே கிடைக்கும். சமையலறை வேண்டாம், அடுப்புச் சூடும் விளக்கு வெளிச்சமும் ஆகாது. தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணும் வேண்டாம், மதியத்தில் அது கொதிக்கும். மூங்கில் கூடையிலோ, காய்கறிக் கடையில் கிடைக்கும் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் டிரேயிலோ இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மேலே சணல் சாக்கைப் போர்த்துங்கள், இருட்டும் ஆகும், காற்றும் போகும். அறை வறண்டிருந்தால் நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிடலாம், கிழங்கின்மேல் போடக் கூடாது. பத்து நாள் இப்படி இருந்தால், உரிந்த இடத்தில் புதிதாக ஒரு மெல்லிய படலம் கட்டியிருப்பதைத் தடவிப் பார்த்தே உணரலாம். முற்றிய தோலுக்கு ஈடாகாது, ஆனால் வதங்குவது வெகுவாகக் குறையும். வாரத்தில் இரண்டு தடவை கூடைக்குள் கையை விட்டு, மோந்து பாருங்கள். அழுகல் கண்ணில் படுவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். வெங்காயத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெங்காயத்துக்கு வறண்ட காற்று வேண்டும், கிழங்குக்கு ஈரக்காற்று. இரண்டையும் ஒரே மூலையில் வைத்தால் ஏதாவது ஒன்று கெடும்.

சாம்பல் பற்றிக் கேட்டீர்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். விதைக்கிழங்கை வெட்டி நடும்போது வெட்டுவாயில் தடவுவார்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. ஈரத்தை இழந்து வதங்கிக்கொண்டிருக்கிற இளங்கிழங்குக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. தூவாதீர்கள்.

சாம்பலைவிட நல்லது உங்கள் வேலியிலேயே இருக்கும். உண்ணிச்செடித் தழையும் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும். நம் மலைக்குக் கிழங்கு சேமிப்பில் பெரிய எதிரி அந்துப்பூச்சி. சாம்பல் நிறத்தில் சிறிதாக இருக்கும், மாலை மங்கிய பிறகு பறக்கும், கிழங்கின் கண்ணில் முட்டையிடும். புழு தோலுக்கு அடியில் குடைந்துகொண்டே போகும், கண் ஓரத்தில் கறுப்பு எச்சம் தள்ளியிருக்கும். அந்தத் துளை வழியே அழுகலும் வந்துவிடும். உண்ணிச்செடி இலையையோ கற்பூர இலையையோ நிழலில் காயவைத்து நொறுக்கி, கூடைக்கு அடியில் ஓர் அங்குலமும் கிழங்குக்கு மேலே ஓர் அங்குலமும் பரப்பினால் அந்த வாசனைக்குப் பூச்சி அண்டுவது குறையும். உருளைக்கிழங்கு ஆராய்ச்சியாளர்களே பரிந்துரைக்கிற முறைதான் இது. இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் அதுவே புழுங்கி அழுகலைக் கொண்டுவரும். உண்ணிச்செடியைத் தின்றால் மாட்டுக்கு ஆகாது, எடுத்த தழையைத் தொழுவத்துப் பக்கம் கொட்டிவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரேயடியாகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காய்கறித் தட்டில் துணிப்பையில் போட்டு வைத்தால் இளங்கிழங்கு வதங்காமல் இரண்டு வாரம் இருக்கும். ஆனால் அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அப்படி மாறியதை எண்ணெயில் போட்டால் வேகுமுன் கருகும், இனிக்கும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகும். அதனால் ஃபிரிட்ஜில் வைத்ததைக் குழம்புக்கும் குருமாவுக்கும் அவியலுக்கும் எடுங்கள், வறுவலுக்கும் சிப்ஸுக்கும் வெளியே வைத்ததை எடுங்கள். உங்கள் ஃபிரிட்ஜில் 40 கிலோ எப்படியும் பிடிக்காது. 3 கிலோவுக்குத்தான் இந்தப் பேச்சு.

கொஞ்சமாக, ஒரு 5 கிலோ மட்டும், மண்ணிலிருந்து எடுத்த புதுமையோடு வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் மணல் வாளி முறையைப் பாருங்கள். சுத்தமான மணலில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், பிடி நிற்காமல் உதிர வேண்டும், அதுதான் பதம். ஓட்டை போட்ட பழைய வாளியில் ஓர் அடுக்கு மணல், ஓர் அடுக்கு கிழங்கு என்று, ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். தழும்பு இல்லாத கிழங்கு மட்டும். தோட்டத்து மண்ணை இதற்கு எடுக்க வேண்டாம், அதில் இருக்கிற கிருமி எல்லாம் கூடவே வரும்.

பொடிக்கிழங்கை உறையவைக்கலாம், உங்கள் வீட்டில் தனி ஃபிரீசர் இருந்தால். கழுவித் தோலோடு கொதிநீரில் போட்டு, அளவைப் பொறுத்து மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். எடுத்து ஐஸ் தண்ணீரில் ஆறவிட்டு, துணியில் ஈரம் போக ஒற்றி, பையில் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். பல மாதம் இருக்கும். எடுத்ததும் உருக விடாமல் நேராக வாணலியில் போட்டு ரோஸ்ட் செய்யலாம். பச்சையாக உறையவைத்தால் மட்டும் கறுத்து, நீர்த்து, சவசவவென்று ஆகிவிடும்.

வற்றல் போடுவதுதான் நம் வீடுகளில் இதற்கு எப்போதும் உள்ள வழி. ஆனால் இளங்கிழங்கில் நீர் அதிகம், மாவு குறைவு. 10 கிலோ சீவினால் ஒன்றரை கிலோ வற்றல் கிடைத்தால் பெரிது. சர்க்கரையும் சற்றுக் கூடுதலாக இருப்பதால் பொரிக்கும்போது சிவக்கும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் தடியாகச் சீவி, சீவச் சீவத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை இரண்டு தடவை மாற்றுங்கள். உப்புப் போட்ட கொதிநீரில் நான்கு நிமிடம். வில்லை வளைய வேண்டும், உடையக் கூடாது. வடித்து வெள்ளை வேட்டியில் ஒட்டாமல் பரப்பி, ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை காயவைக்க வேண்டும். நல்ல வெயிலுக்கு இரண்டு மூன்று நாள். இங்கேதான் உங்கள் ஊர் கைவிடும். மே மாதம் காலையில் வெயில் அடிக்கும், மதியம் மேகம் வந்து மூடும், சில நாள் மழையும் கொட்டும். அரைகுறையாகக் காய்ந்த வில்லையை ராத்திரி உள்ளே எடுத்து வைத்தால் காலையில் பூசணம். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் மொட்டை மாடி இருந்தால் மண் போகக் கழுவி (ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்) கிழங்காகவே கொடுத்தனுப்பி, அங்கே போடச் சொல்லுங்கள். பாதி அவர்களுக்கு, பாதி உங்களுக்கு.

மிச்சத்தைச் சாப்பிடுங்கள், கொடுங்கள். அவரைக்கொட்டையோடு போட்டு உதக்கா என்கிற நம் மலைக் குழம்பு வைத்தால் இளங்கிழங்கு கரையாமல் முழுசாக நிற்கும், பேரப்பிள்ளைகள் இருக்கும்போதே பாதி தீர்ந்துவிடும்.

இனி மண்ணுக்குள் இருக்கிற பாதிக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் இன்னும் கெடாதது இதுதான்.

தோண்டுவதை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் செடியைப் பிடுங்காமல், பாரின் (செடிக்கு மண் அணைத்த மேட்டின்) பக்கவாட்டில் கையால் மண்ணைத் துழாவி, செடிக்கு இரண்டு பெரிய கிழங்கை மட்டும் திருகி எடுத்துவிட்டு மண்ணை மறுபடி அணைத்துவிடுங்கள். மிச்சக் கிழங்கு வளர்ந்துகொண்டிருக்கும். பாரில் வெடிப்பு இருந்தாலோ கிழங்கு வெளியே எட்டிப் பார்த்தாலோ உடனே மண் மூடுங்கள். வெடிப்பு வழியேதான் அந்துப்பூச்சி இறங்கும், வெளிச்சமும் இறங்கும்.

ஜூன் தொடக்கத்தில் கீழ் இலை பழுக்கத் தொடங்கும். பாதிச் செடி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் ஒரு நல்ல நாள் பார்த்து, தழையை மண் மட்டத்தில் அரிவாளால் அறுத்து வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கிழங்கைத் தொடாமல் 10 முதல் 15 நாள் மண்ணுக்குள்ளேயே விடுங்கள். தோல் இறுகுவது இந்த இரண்டு வாரத்தில்தான். ஒரு செடியைத் தோண்டிப் பழையபடி கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். தோல் நகரவில்லை என்றால் எல்லாவற்றையும் எடுக்கலாம். மழை விட்ட, மண் உதிரியாக இருக்கிற காலை நேரம் நல்லது. தோண்டியதை நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் உலரவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒரே ஒரு ராத்திரி வெளியே கிடந்தாலும் அந்துக்கு அது போதும்.

இதில் மழைதான் கவலை. இலை ஓரத்தில் தண்ணீர் ஊறியது போலக் கரும்பச்சைத் திட்டு வந்து, அடியில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அது பின்பருவ இலைக்கருகல். மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் தோட்டம் கருகிவிடும். இலையிலிருந்து விழும் பூசண வித்து மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கையும் பிடிக்கும். குஃப்ரி ஜோதி வந்த காலத்தில் இந்த நோயைத் தாங்கியது, இப்போது அந்தத் தாங்கும் சக்தியை நம்பி இருக்க முடியாது. அப்படித் தெரிந்தால் பழுப்பதற்குக் காத்திருக்காமல் அன்றே தழையை அறுத்து அப்புறப்படுத்துங்கள். கிழங்கு கொஞ்சம் சிறுத்திருக்கும், பரவாயில்லை. இரண்டு வாரம் விட்டு எடுங்கள். செம்பழுப்பாகக் கெட்டிப்பட்ட கிழங்கை மற்றதோடு சேர்க்காதீர்கள்.

இப்படி எடுத்த கிழங்கை, மேலே சொன்ன அதே அறையில், இருட்டில், காய்ந்த உண்ணிச்செடித் தழை பரப்பிக் கூடையில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரம் முளைக்காமல் தூங்கும். ஜூன் கடைசியில் எடுத்தால் ஆடி முழுக்க உங்கள் தோட்டத்துக் கிழங்குதான். பிறகு முளை எட்டிப் பார்க்கும். சின்ன முளையைக் கிள்ளிவிட்டு, கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை சமைக்கலாம்.

அடுத்த வருடம் 3 சென்டையும் ஒரே நாளில் நடாதீர்கள். சென்ட் சென்டாக, மூன்று வார இடைவெளியில் நடுங்கள். லீவுக்கு ஒரு சென்ட் இளங்கிழங்கு, மற்ற இரண்டும் முற்றி எடுக்க. இந்த உபரிப் பிரச்சினையே வராது.

கடைசியாக ஓசூர் மகளுக்கு விதை. இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன் அம்மா, கொடுத்தனுப்பக் கூடாது. நீலகிரி மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்குச் செடியின் வேரைத் தாக்குகிற மிகச் சிறிய புழு அது. அதன் முட்டைக்கூடு வேரில் கடுகைவிடச் சிறியதாக, மஞ்சளாகவும் பழுப்பாகவும் உருண்டையாக ஒட்டியிருக்கும். அந்த ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டை, கிழங்கே நடாவிட்டாலும் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணோடு அது போய்விடும். அதனால்தான் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் உருளைக்கிழங்கை நம்பிப் பிழைக்கிற விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருமுறை அங்கே மண்ணில் இறங்கிவிட்டால் யாராலும் வெளியே எடுக்க முடியாது. மகளை அங்குள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுச் சான்று பெற்ற விதை வாங்கி நடச் சொல்லுங்கள். ஓசூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் நடலாம், அவசரமும் இல்லை.

உங்கள் சொந்தத் தோட்டத்துக்கும் அடுத்த முறை ஊட்டி முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி இரண்டும் இந்த நூற்புழுவைத் தாங்குகிற ரகங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கிழங்கே நடாமல் நடுவில் பூண்டு, முட்டைக்கோஸ், கேரட் என்று மாற்றுங்கள். மகள் சாப்பிடக் கிழங்கு கேட்டால் வேகவைத்து, ரோஸ்டாகவே டப்பாவில் கொடுத்துவிடுங்கள்.